இந்தப் பெட்டி இப்போது யார் கையில்? கேர்னல் ட்ரேஸ் பஃபரை ரிவியூ செய்யும் முறை

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியான ஒரு சனிக்கிழமை, உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அயல் வீட்டுத் தம்பி லாப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். கணினி விஞ்ஞானம், இறுதி ஆண்டு. லினக்ஸ் கேர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று வேறொருவர் எழுதிய ஒரு பேட்ச்சை (கோடு மாற்றத்தை) ரிவியூ செய்யக் கொண்டுவந்திருந்தார். ஹார்ட்வெயர் ட்ரேசிங் ட்ரைவர் ஒன்றின் பஃபர் பகுதியை மாற்றி எழுதும் பேட்ச். முந்நூறு வரி இருக்கும்.

"அக்கா, இதை எங்க இருந்து வாசிக்கிறது? ரெஜிஸ்டர் பேரே பாதி விளங்குதில்லை."

ரெஜிஸ்டர் (ஹார்ட்வெயருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பெயரை இப்போதைக்கு விடுங்கள் என்றேன். பஃபர் எங்கே பிறக்கிறது, எங்கே கைமாறுகிறது, எங்கே சாகிறது என்று மட்டும் தேடுவோம் என்றேன். அன்று பின்னேரம் வரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சி மொழி ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது போதும். கேர்னலுக்குள் முன்பின் போயிருக்கத் தேவையில்லை.

முதலில் ட்ரேசிங். ஒரு ப்ரோக்ராம் எந்த வழியால் ஓடியது என்று அறிய நாம் வழக்கமாக இடையிடையே பிரிண்ட்எஃப் போடுவோம். அது ப்ரோக்ராமையே மெதுவாக்கும். சில பிழைகள் பிரிண்ட்எஃப் போட்டவுடன் ஒளிந்துகொள்ளும். ஹார்ட்வெயர் ட்ரேசிங்கில் ப்ராசஸரே தன் நடையைத் தானே குறித்து வைக்கிறது. இன்டெல் ப்ராசஸர்களில் பிராட்வெல் தலைமுறையிலிருந்து ப்ராசஸர் ட்ரேஸ் என்று ஒன்று இருக்கிறது. ஆர்ம் பக்கத்தில் கோர்சைட் என்று ஒரு முழுக் குடும்பமே இருக்கிறது. இன்டெல் முறையில் ஓர் 'இஃப்' வந்தால் கிளை பிரிந்ததா இல்லையா என்பதற்கு ஒரே ஒரு பிட். அவ்வளவு சுருக்கி எழுதியும், ஒரு கோர் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் தடத்தைக் கொட்டக்கூடும். அதை ஒவ்வொரு பைட்டாக ப்ராசஸரே தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே ட்ரேஸ் ஹார்ட்வெயர் நேரடியாக நினைவகத்தில் எழுதுகிறது. அது எழுதும் இடம்தான் பஃபர்.

எழுதும் ஹார்ட்வெயருக்கு வாசிப்பவரைத் தெரியாது. "கொஞ்சம் பொறு, இன்னும் வாசித்து முடியவில்லை" என்று அதனிடம் சொல்ல ஆளில்லை. அதற்கு ஒரு முகவரியும் ஓர் எல்லையும் கொடுத்தால் எழுதிக்கொண்டே போகும். முகவரி பிழையென்றால் பிழையான இடத்திலும் அதே வேகத்தில் எழுதும். ட்ரேஸ் ட்ரைவரின் பஃபர் பகுதியை நான் மற்றக் கோடுகளை (நிரல்களை) விட மெதுவாக வாசிப்பது இதனால்தான்.

வாடியில் எட்டுப் பெட்டிகள்

என் மாமா கரைவலை வாடியொன்றில் கணக்கு எழுதியவர். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் நானும் போய் நிற்பேன். மடி கரைக்கு வந்ததும் சூடையும் கீரியும் பாரையும் பிரித்து, வரிசையாக வைத்த பெட்டிகளில் போடுவார்கள். மறுபக்கத்தில் லொறிக்காரர் நிரம்பிய பெட்டியை எடுத்து, கவிழ்த்து, வெறும் பெட்டியைத் திரும்ப வைப்பார். நடுவில் மாமா, கையில் சோக்கட்டி, பக்கத்தில் ஒரு பலகை. எத்தனையாவது பெட்டி வரை நிரம்பியது, எத்தனையாவது வரை எடுத்தாயிற்று என்று இரண்டே எண்கள். மீன் நிறைய வந்த நாளில் பெட்டி தீர்ந்துவிடும். அப்போது முதல் பெட்டி காலியா என்று பார்த்துவிட்டு அங்கிருந்து மறுபடி தொடங்குவார்கள்.

ட்ரேஸ் பஃபரும் இதேதான். மீன் கொட்டுபவர் ஹார்ட்வெயர். பலகையோடு நிற்பவர் கேர்னல் ட்ரைவர். லொறிக்காரர், லினக்ஸின் பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி போன்ற யூசர் ப்ரோக்ராம். 2015 ஜூனில் வந்த லினக்ஸ் 4.1 இல் பெர்ஃப்புக்கென்று தனியாக ஆக்ஸ் பஃபர் என்று ஒன்று சேர்ந்தது. கேர்னல் அதற்குப் பேஜ்களை (நினைவகத்தின் சம அளவுத் துண்டுகளை) ஒதுக்கும், ஹார்ட்வெயர் அதில் எழுதும், யூசர் ப்ரோக்ராம் எம்மேப் செய்து (தன் முகவரி வெளியோடு இணைத்து) அதே பேஜ்களை நேரடியாக வாசிக்கும். பொதுவாக நடுவில் பிரதி எடுப்பது இல்லை. வேகத்துக்கு அது நல்லது. ஆனால் ஒரே பேஜ் மூன்று பேர் கண்ணிலும் படுகிறது.

ஆகவே தம்பியிடம் நான் சொன்ன ஒரே கேள்வி இதுதான்: கோடின் எந்த வரியில் நின்றாலும், இந்தப் பேஜ் இந்த நொடியில் யார் கையில்? பதில் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் பிழை. யார் கையிலும் இல்லை என்றால் அதுவும் பிழைதான், அந்தப் பேஜை யாரும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. பஃபர் ரிவியூவில் நான் கேட்கும் மற்றெல்லாக் கேள்வியும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

பலகையின் இரண்டு எண்களுக்கும் கோடில் பெயர் உண்டு. எழுதுபவர் வந்து நிற்கும் இடம் தலை, வாசிப்பவர் வந்து நிற்கும் இடம் வால். பஃபரின் கடைசிக்கு வந்தால் மறுபடி தொடக்கம். இந்தச் சுற்றுக்குக் கேர்னல் கோடில் அடிக்கடி ஒரு குறுக்குவழி பயன்படுகிறது: அளவால் வகுத்து மீதி எடுப்பதற்குப் பதிலாக, அளவிலிருந்து ஒன்றைக் கழித்து அதனோடு பிட் வாரியாக 'அண்ட்' செய்வது. அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் இரண்டுக்கும் ஒரே விடை. 65536 பைட் பஃபரில் 70536 ஐ 65535 ஓடு அண்ட் செய்தால் 5000 வரும். சரி.

அளவு இரண்டின் அடுக்காக இல்லாவிட்டால்? கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருப்பீர்கள். ஏழு சிறு கிணறுகள், ஒன்றுக்கு ஒரு சூடு. அவற்றைப் பூச்சியத்திலிருந்து ஆறு வரை எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளிச் சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று வையுங்கள். அடுத்த கிணறு எது என்று ஆறோடு அண்ட் செய்து கண்டுபிடித்தால் என்ன நடக்கும்? ஒன்றுக்கு விடை பூச்சியம், மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கு நான்கு, ஏழுக்கு ஆறு. ஒற்றை எண் கிணறுகளில் வாளி ஒருபோதும் விழாது. இரட்டை எண் கிணறுகளில் இரண்டு இரண்டு முறை அள்ளுவோம். கோடு விழாது, எச்சரிக்கை வராது. தரவு மட்டும் பிழையாக வரும்.

பெர்ஃப்பின் ஆக்ஸ் பஃபருக்குப் பேஜ் எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும் என்று எம்மேப் இடத்திலேயே கட்டாயம் இருக்கிறது. அப்படியானால் கவலை இல்லையே என்று தம்பி கேட்டார். இருக்கிறது. சில ட்ரைவர்களில் பஃபர் இரண்டு. கோர்சைட்டில் தடத்தை நினைவகத்தில் எழுதும் ஈடிஆர் என்ற பகுதியை எடுத்தால், ஹார்ட்வெயர் எழுதும் பஃபர் ஒன்று, பெர்ஃப்புக்குக் காட்டும் பஃபர் இன்னொன்று, இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றின் இடத்தை மற்றதன் அளவால் சுற்றினால் கன்னியாக் கணக்குத்தான். ஆகவே அண்ட் எங்கே கண்டாலும் இரண்டு விஷயம் பாருங்கள்: இந்த அளவு எந்தப் பஃபருடையது, அது இரண்டின் அடுக்கு என்று யார் உறுதி தந்தது?

வெறுமையா, நிரம்பியதா

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நானே ஒருமுறை கோட்டை விட்ட இடம் இது.

பெர்ஃப் பக்கத்தில் தலையும் வாலும் ஏறிக்கொண்டே போகும் 64 பிட் எண்கள். சாதாரண முறையில் அவை சுற்றுவதில்லை, பஃபருக்குள் இடம் தேடும்போது மட்டும் சுற்றிக்கொள்கிறோம். இதில் ஒரு நன்மை: தலை கழித்தல் வால் பூச்சியம் என்றால் வெறுமை, பஃபர் அளவு என்றால் நிரம்பியது. குழப்பமே இல்லை. ஆனால் ஹார்ட்வெயரின் எழுது பொயின்டர் அப்படியல்ல. அது வெறும் முகவரி, கடைசிக்கு வந்ததும் தொடக்கத்துக்குப் போய்விடும். இந்த இரண்டு கணக்கு முறைகளும் சந்திக்கும் வரிதான் ஆபத்தான வரி.

எண்ணோடு பார்ப்போம். பஃபர் 65536 பைட். தொடங்கும்போது பொயின்டர் 60000 இல் நின்றது, சுற்றி எழுதும் முறை. நிறுத்தியபின் வாசித்தால் 5000. எவ்வளவு எழுதியது? 65536 இலிருந்து 60000 போனால் 5536, அதோடு 5000, மொத்தம் 10536. இப்போது தொடக்கம் 60000, முடிவும் 60000. எழுதியது பூச்சியமா, முழு 65536 உம் எழுதி ஒரு சுற்று வந்து நிற்கிறதா? பொயின்டரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

இப்படிச் சரியாக அதே இடத்தில் வந்து நிற்பது அபூர்வம்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நிரம்பியதும் நிற்கும் முறையை எடுத்துப் பாருங்கள். ஆர்மின் டிஆர்பிஇ என்ற ட்ரேஸ் பஃபரை இந்த முறையில் வைத்தால், எல்லையைத் தொட்டதும் பொயின்டரைத் தொடக்க முகவரிக்குத் திருப்பிவிட்டு, எழுதுவதை நிறுத்தி, இன்டரப்ட் (ப்ராசஸரை இடைமறிக்கும் அழைப்பு) தரும். நாம் தொடக்க முகவரியிலிருந்தே எழுத விட்டிருந்தால், நிரம்பிய ஒவ்வொரு முறையும் தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். தற்செயலே இல்லை. நிரம்பினால் கட்டாயம் நடக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வேலையில் இதே அமைப்புள்ள பேட்ச் ஒன்றை வாசித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். சோதனையிலும் எல்லாம் நன்றாக வந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு முறைப்பாடு: சுமை குறைந்தபோது ட்ரேஸ் வருகிறது, சுமை கூடினால் வெறுமையாக வருகிறது. தரவு அதிகம் வரவேண்டிய நேரத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு பார்த்தால் ஒரே ஒரு கழித்தல். முழுப் பஃபரையும் பூச்சியம் என்று எண்ணி எறிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் யாரோ ஒருவர் பொருத்தமில்லாத இடத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

மருந்து எளிது. நிரம்பியதா, சுற்றியதா என்று சொல்லும் நிலைப் பிட் ஒன்று ஹார்ட்வெயரில் இருக்கும். ஈடிஆரில் அது நிலை ரெஜிஸ்டரின் 'ஃபுல்' பிட், டிஆர்பிஇயில் 'ராப்' பிட். அளவைக் கணக்கிடும் ஃபங்ஷன் முதலில் அந்தப் பிட்டைக் கேட்க வேண்டும், பிறகே கழிக்க வேண்டும். ரிவியூவில் அளவு கணக்கிடும் ஃபங்ஷனைக் கண்டால், அதற்குள் நிலைப் பிட் வாசிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் தேவையில்லை என்று கொமென்ட் ஒன்றாவது இருக்க வேண்டும். இன்னும் ஒன்று: அந்தப் பிட்டை அழித்த பிறகு வாசிக்கிறார்களா, அழிக்கும் முன்பா? இன்டரப்ட் வந்த வழியில் ஒருவர் அழித்துவிட்டு, அளவு கணக்கிடும் வழியில் இன்னொருவர் வாசித்தால் பழைய கதைதான்.

நிரம்பினால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நின்றுவிடுவது. இரண்டு, பழையதன் மேல் எழுதிக்கொண்டே போவது. பழையதன் மேல் எழுதும் முறை ஸ்னாப்ஷொட்டுக்கு உதவும், ஏதோ கெட்டது நடந்தவுடன் கடைசிக் கொஞ்ச நேரத் தடம் கையில் இருக்கும். பெர்ஃப்பில் யூசர் ப்ரோக்ராம் ஆக்ஸ் பஃபரை எழுத அனுமதியில்லாமல், வாசிக்க மட்டும் எம்மேப் செய்தால் இந்த முறை என்று பொருள். வால் எண்ணை நகர்த்த அதற்குக் கையில்லை, ஆகவே கேர்னல் வாலைப் பார்ப்பதே இல்லை. ட்ரைவர் கோடு இந்த இரண்டு முறைகளிலும் சரியாக இருக்கிறதா என்று தனித்தனியே நடந்து பார்க்க வேண்டும். ஒன்றில் சரியான கழித்தல் மற்றதில் பிழையாகும்.

எந்த வழியானாலும் தரவு தொலைந்தால் தொலைந்தது என்று சொல்லியாக வேண்டும். பெர்ஃப்பில் அதற்கு 'ட்ரன்கேட்டட்' என்ற கொடி இருக்கிறது. ஈடிஆரில் மேலெழுதப்பட்ட பஃபரின் தொடக்கத்தில் ட்ரைவர் 16 பைட் தடுப்புப் பேக்கெட் ஒன்றை வைக்கும். பாதி வெட்டுண்ட பேக்கெட்டை (தடத்தின் ஒரு துண்டை) முழுசு என்று, தடத்தைப் பிரித்து வாசிக்கும் டிகோடர் நம்பிவிடாமல், அங்கிருந்து புதிதாகத் தொடங்கச் சொல்லும் அடையாளம் அது. தொலைந்ததை மறைக்கும் ட்ரேஸை நம்பி ஒருவர் பிழை தேடினால் அவருடைய நாள் வீண்.

எல்லையைக் கீழே வெட்டு

டிஆர்பிஇயின் எல்லை பேஜ் கணக்கில்தான் வைக்கலாம். வால் பேஜின் நடுவில் நின்றால்? 4096 பைட் பேஜ். ஹார்ட்வெயர் 2000 இல் தொடங்க வேண்டும். லொறிக்காரர் இன்னும் எடுக்காத சரக்கு 9000 இலிருந்து இருக்கிறது. எல்லையை 8192 இல் வைத்தால் 808 பைட் இடம் வீணாகும், அவ்வளவுதான். 12288 க்கு ஏற்றி வைத்தால் வாசிக்காத 3288 பைட்டின் மேல் ஹார்ட்வெயர் நடந்துபோகும். அளவைக் கீழே வெட்டுவதும் மேலே ஏற்றுவதும் கோடில் ஒரு சொல் வித்தியாசம், கண் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் நான் அந்தச் சொல்லைக் கண்டால் வாய்விட்டு வாசிப்பேன்.

அப்புறம், தலை 8300, வால் 9000 என்றால்? கீழே வெட்டினால் எல்லை 8192, அது தலைக்கே பின்னால். அப்படியென்றால் தொடங்கவே கூடாது. தொடங்காமல் திரும்பும் வழி கோடில் இருக்கிறதா, திரும்பும்போது பெர்ஃப்பிடம் வாங்கிய கைப்பிடியை (பஃபரில் எழுத வாங்கிய அனுமதியை) திருப்பிக் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

பலகையில் எப்போது எழுதுவது

மாமாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. மீன் பெட்டிக்குள் விழுந்து, ஐஸ் போட்டு, மூடியும் மூடிய பிறகே பலகையில் எண்ணை மாற்றுவார். கை வேலையாக இருக்கிறதே, எண்ணை முதலில் மாற்றிவிடுவோம் என்று ஒருபோதும் செய்ததில்லை. லொறிக்காரர் பலகையைப் பார்த்துத்தானே பெட்டியைத் தூக்குகிறார்.

ட்ரைவரில் இதன் வரிசை இப்படி இருக்கும்: ட்ரேஸை நிறுத்து, வழியில் தேங்கி நிற்பதைப் பஃபருக்குள் தள்ளிவிடு, தள்ளி முடிந்ததா என்று காத்திரு, பிறகு பொயின்டரை வாசி, பிறகு தலையை நகர்த்து. நிறுத்து என்று சொன்னவுடன் ஹார்ட்வெயர் நின்றுவிட்டது என்று எண்ணுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஈடிஆரில் 'தயார்' பிட் வரும்வரை காத்திருக்க வேண்டும். டிஆர்பிஇயில் அதற்கென்றே ட்ரேஸ் ஒத்திசைவுத் தடை (முந்தைய எழுத்து முடியும்வரை காக்க வைக்கும் கட்டளை) இருக்கிறது. காத்திருப்புக்குக் காலக்கெடு இருந்தால், கெடு தாண்டினால் கோடு என்ன செய்கிறது என்றும் பாருங்கள். ஒரு எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் பேஜை யூசரிடம் கொடுத்துவிடலாம்.

யூசர் பக்கத்திலும் வரிசை உண்டு. தலையை வாசி, நினைவகத் தடை போடு, தரவை வாசி, மறுபடி தடை, அதன் பிறகே வாலை நகர்த்து. இன்றைய ப்ராசஸர்கள் சொன்ன வரிசையில் செய்வதில்லை, தடை இல்லாவிட்டால் மூடி மூடுமுன் பலகை மாறிவிடும். ஈடிஆர் போல ப்ராசஸருக்கு வெளியே நின்று எழுதும் பகுதிகளில் இன்னொரு படி சேர்கிறது: ப்ராசஸரின் கேஷில் (அருகே வைத்திருக்கும் வேக நினைவகத்தில்) பழைய பிரதி கிடக்கலாம். நினைவகத்தில் புதிய மீன், கேஷில் நேற்றைய மீன். வாசிக்குமுன் டிஎம்ஏ (ஹார்ட்வெயர் நேரடியாக நினைவகத்தில் எழுதும் முறை) ஒத்திசைவு அழைப்பு இருக்க வேண்டும், அது சரியான முகவரிக்கும் சரியான நீளத்துக்கும் இருக்க வேண்டும். சுற்றி வந்த பஃபரில் கடைசித் துண்டுக்கு மட்டும் ஒத்திசைத்துவிட்டு, தொடக்கத் துண்டை மறந்துவிடுவது வழக்கமான தவறு.

பிறப்பும் இறப்பும்

ஒதுக்கும் இடத்தில் ஒரு பெருக்கலைத் தேடுங்கள். பேஜ் எண்ணிக்கை 'இன்ட்' ஆக வரும், அதைப் பைட்டாக மாற்றுவார்கள். 524288 பேஜ், ஒன்று 4096 பைட், பெருக்கினால் 2147483648. இன்ட் தாங்கும் மிகப்பெரிய எண்ணை விட ஒன்று கூட. விடை எதிர் எண்ணாகப் புரண்டுவிடும். பெருக்கியபின் பெரிய வகைக்கு மாற்றினால் பயனில்லை, பெருக்குமுன் மாற்ற வேண்டும். அதேபோல் பேஜ் என்றால் எப்போதும் 4 கேபி என்று எண்ணக்கூடாது. ஆர்ம் இயந்திரங்களில் கேர்னல் பேஜ் 64 கேபியாக இருக்கலாம், ஆனால் ஈடிஆர் தன் சிதறல் அட்டவணையில் (சிதறிக் கிடக்கும் பேஜ்களின் முகவரிப் பட்டியலில்) அறிவது 4 கேபி மட்டும். ஒரு பேஜுக்கு 16 வரி எழுத வேண்டும்.

ஒதுக்குவதில் பாதியில் தோற்றால் அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் வழியை ஒருமுறை விரலால் பின்தொடருங்கள். இதில் பெரிய தந்திரம் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

விடுவிக்கும் இடம் கொஞ்சம் கடினம். பல கோர்களின் தடமும் ஒரே ஈடிஆரில் வந்து சேரும் அமைப்பு உண்டு. பெர்ஃப் ஒவ்வொரு கோருக்கும் ஓர் ஈவென்டைத் திறக்கும், ஆனால் ஹார்ட்வெயர் பஃபர் ஒன்றே. முதலாவது வந்தவர் ஒதுக்குகிறார், பின்னால் வந்தவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிப் பங்கு பிடிக்கிறார்கள், கடைசியாகப் போகிறவர்தான் விடுவிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் "நான்தான் முதல்" என்றோ "நான்தான் கடைசி" என்றோ எண்ண இடமிருக்கிறதா? எண்ணிக்கையைப் பார்ப்பதும் மாற்றுவதும் ஒரே பூட்டுக்குள் இருக்கின்றனவா? விடுவிக்குமுன் ஹார்ட்வெயர் உண்மையிலேயே நின்றுவிட்டதா? நிற்காமல் விடுவித்தால் அந்தப் பேஜ் வேறு யாருக்கோ போய்விடும், ஹார்ட்வெயர் அவர்களுடைய தரவின் மேல் தடம் எழுதிக்கொண்டிருக்கும். கேர்னல் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும், ட்ரேஸ் ட்ரைவர் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

ஹார்ட்வெயரே தவறினால்

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். எல்லையைச் சரியாகக் கொடுத்துவிட்டோம், இனி ஹார்ட்வெயர் அதற்குள்தானே நிற்கும்? பெரும்பாலும் நிற்கும். எப்போதும் என்று சொல்ல முடியாது. டிஆர்பிஇ ட்ரைவர் 2021 இல் லினக்ஸ் 5.13 இல் சேர்ந்தது. பிறகு கோர்டெக்ஸ் ஏ710, நியோவெர்ஸ் என்2 போன்ற கோர்களில் உள்ள குறைகளை ஆர்மே வெளியிட்டது, கேர்னலும் அவற்றுக்கு மாற்றுவழி எழுதியது. ஒரு குறையில், நிரம்பி நிற்கும் முறையில் பொயின்டர் சுற்றும்போது பஃபரின் தொடக்கத்தில் மூன்று கேஷ் வரி வரை மேலெழுதப்படலாம். ட்ரைவர் என்ன செய்கிறது? முதல் 256 பைட்டை விட்டுத் தள்ளி எழுதத் தொடங்குகிறது, முடிந்ததும் அந்த இடத்தை டிகோடர் பொருட்படுத்தாத பேக்கெட்டுகளால் நிரப்புகிறது. இன்னொரு குறையில், சில நிலைமைகளில் ஹார்ட்வெயர் தொடக்கத்துக்குத் திரும்பாமல் எல்லைக்கு அடுத்த பேஜில் எழுதிவிடலாம். அதற்கு மருந்து, எல்லைக்கு அப்பால் டிஆர்பிஇக்கே உரிய ஒரு பேஜை எப்போதும் காலியாக விட்டு வைப்பது.

இதைத் தெரியாமல் அந்தக் கோடை வாசித்தால் "ஏன் இங்கே 256 ஐக் கூட்டுகிறார்கள், ஏன் ஒரு பேஜை வீணாக்குகிறார்கள்" என்று தோன்றும், சுத்தப்படுத்துகிறேன் என்று ஒருவர் அதை எடுத்தும் விடலாம். ஆகவே காரணம் புரியாத எண் ஒன்றைப் பேட்ச் நீக்கினால், அந்த வரி எந்த மாற்றத்தோடு வந்தது என்று கிட் (கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்லுங்கள்.

தாளும் பேனையும்

நடைமுறையில் நான் செய்வது இவ்வளவுதான். ஒரு தாளில் வட்டம் வரைந்து, எட்டுப் பெட்டி போட்டு, தலை, வால், பொயின்டர் மூன்றையும் பென்சிலால் குறிப்பேன். பேட்ச்சின் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலை நகர்த்துவேன். ஒன்றும் எழுதாத நிலை, பாதி, சரியாக நிரம்பிய நிலை, சுற்றி வந்த நிலை, வாசிப்பவர் அசையாமலே இருக்கும் நிலை. சரியாக நிரம்பிய நிலையில் அதிக நேரம் செலவழியுங்கள். கையில் ஹார்ட்வெயர் இருந்தால் ஆக்ஸ் பஃபரை மிகச் சிறியதாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், பெரிய பஃபரில் வாரக்கணக்கில் வராத பிழை சில நொடியில் வரும். இன்டெல் லாப்டொப் உள்ளவர்கள் பெர்ஃப் லிஸ்ட் என்று அடித்து, அதில் இன்டெல் பிடி என்ற பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டாலும் குறையில்லை, தாளில் நகர்த்திப் பார்க்க ஒரு செலவும் இல்லை.

கண்டதை எழுதும் விதமும் முக்கியம். "இது பிழைபோல் தெரிகிறது" என்றால் எழுதியவருக்கு உதவாது. எண் வைத்துக் கேளுங்கள். நாம் பிழையாக விளங்கியிருந்தாலும் அந்த எண்ணைப் பிடித்து அவர் திருத்திச் சொல்லிவிடலாம்.

வெயில் தாழ்ந்த நேரம் தம்பி தன் தாளில் எட்டாவது பெட்டியிலிருந்து பென்சிலை முதலாவதற்கு நகர்த்திவிட்டு அப்படியே நின்றார். திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அக்கா, நிரம்பினா பொயின்டர் தொடக்கத்துக்கு வருது. இவர் நிலைப் பிட்டைப் பார்க்கேல்லை. கழிச்சா பூச்சியம்தானே வரும்?"

அன்றிரவு அவர் அனுப்பிய கேள்வி நான்கே வரி. தொடக்கம் 0, அளவு 65536, நிரம்பியபின் பொயின்டர் 0, உங்கள் ஃபங்ஷன் 0 தருகிறது, 65536 வர வேண்டாமா? மூன்றாம் நாள் பேட்ச்சின் இரண்டாம் பதிப்பு வந்தது. கழித்தலுக்கு மேலே புதிதாக ஒரு 'இஃப்'.